சர்க்கரை நோய் வந்த பூனைக்கு எந்த பவுச்? லேபிளில் இல்லாத எண்ணைக் கண்டுபிடிக்கும் கணக்கு

ஈர உணவுப் பவுச்சின் பின்பக்கத்தில் புரதம் இத்தனை, கொழுப்பு இத்தனை, ஈரப்பதம் இத்தனை என்று அச்சிட்டிருப்பார்கள். மாவுச்சத்து எவ்வளவு என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. சர்க்கரை நோய் வந்த பூனைக்கு நமக்குத் தேவைப்படுவதோ அந்த ஒரு எண்தான். அதை நாமே கணக்குப் போட்டு எடுக்க வேண்டும். செல்போனில் இருக்கும் கால்குலேட்டர் போதும்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. பூனை ஏற்கெனவே இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தால், டாக்டரிடம் சொல்லாமல் உணவை மாற்றக் கூடாது. மாவுச்சத்து குறைந்ததும் சில நாட்களிலேயே இன்சுலின் தேவையும் இறங்கிவிடும். உலர் தீனிக்கு ஏற்ப நிர்ணயித்த அதே டோஸை அப்படியே தொடர்ந்தால் சர்க்கரை அபாயகரமாகக் கீழே போகும். எவ்வளவு குறைப்பது, எப்போது குறைப்பது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்துக் காது ஓரத்தில் குத்தி அளக்கப் பழகிக்கொண்ட பிறகு உணவை மாற்றுவதே நல்லது. மனிதர்களுக்கான மீட்டர் பூனையின் அளவைச் சற்றுக் குறைத்தே காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி கணக்கு. லேபிளில் தேட வேண்டியவை ஐந்து: க்ரூட் புரோட்டீன் (புரதம்), க்ரூட் ஃபேட் (கொழுப்பு), க்ரூட் ஃபைபர் (நார்), ஆஷ் (சாம்பல், அதாவது உணவை எரித்தால் மிஞ்சும் தாதுக்கள்), மாய்ஸ்சர் (ஈரம்). ஐந்தையும் கூட்டி 100-லிருந்து கழித்தால் மிஞ்சுவது மாவுச்சத்து. ஆனால் அத்தோடு நிறுத்தினால் ஏமாந்துபோவோம். பவுச்சில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால் எந்த எண்ணும் சின்னதாகத்தான் தெரியும். மொத்தக் கலோரியில் மாவுச்சத்தின் பங்கு எவ்வளவு என்று பார்த்தால்தான் உண்மை வெளிவரும். புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5 ஆலும், கொழுப்பை 8.5 ஆலும் பெருக்குங்கள். மூன்றையும் கூட்டினால் 100 கிராமுக்கான கலோரி (கிலோ கலோரி). அதில் மாவுச்சத்தின் கலோரி எத்தனை சதவீதம் என்பதே நாம் தேடும் எண். 12-ஐத் தாண்டக் கூடாது. 10-க்குள் இருந்தால் இன்னும் நல்லது.

ஒரே அலமாரியில் அடுத்தடுத்து இருக்கக்கூடிய இரண்டு வகைகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது, அரைத்த இறைச்சிக் கூழ் போன்ற பேட்டே: புரதம் 11, கொழுப்பு 5, நார் 0.5, சாம்பல் 2, ஈரம் 80. கூட்டினால் 98.5, மாவுச்சத்து 1.5. கலோரி 38.5 + 42.5 + 5.25 = 86.25. மாவுச்சத்தின் பங்கு 6 சதவீதம். தாராளமாக வாங்கலாம்.

இரண்டாவது, கிரேவியில் மிதக்கும் துண்டுகள்: புரதம் 8, கொழுப்பு 2.5, நார் 0.5, சாம்பல் 2, ஈரம் 82. மாவுச்சத்து 5. ‘வெறும் 5 தானே’ என்று தோன்றும். கலோரி 28 + 21.25 + 17.5 = 66.75. பங்கு 26 சதவீதம்! இது வேண்டாம்.

வித்தியாசம் எங்கிருந்து வந்தது? குழம்பிலிருந்துதான். கிரேவி கெட்டியாக நிற்க மாவோ ஸ்டார்ச்சோ சேர்க்கிறார்கள். ஜெல்லி வகைகளைக் கெட்டியாக்குவது பெரும்பாலும் குவார் கம், கராஜீனன் போன்ற பிசின்கள். இவை சர்க்கரையை அவ்வளவாக ஏற்றுவதில்லை. க்ரூட் ஃபைபர் சோதனையில் இவை முழுதாக அகப்படாததால், நம் கணக்கில் மாவுச்சத்து என்றே வந்து விழும். ஆகவே ஜெல்லி வகை 12-ஐ ஒட்டி நின்றால் உடனே தள்ளிவிட வேண்டியதில்லை. சேர்மானப் பட்டியலில் ஸ்டார்ச், அரிசி, கோதுமை மாவு, சோளம், சர்க்கரை என ஏதும் இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யலாம். கோதுமை குளூட்டன் என்றிருந்தால் அது பெரும்பாலும் புரதம். ஆனால் அது இருக்கும் இடத்தில் ஸ்டார்ச்சும் பக்கத்திலேயே இருப்பது வழக்கம். ‘கிரெயின் ஃப்ரீ’ என்ற வார்த்தையை நம்பி வாங்காதீர்கள். தானியத்தை எடுத்துவிட்டு உருளைக்கிழங்கோ பட்டாணியோ மரவள்ளி மாவோ போட்டிருப்பார்கள். பூனையின் ரத்தத்துக்கு எல்லாம் ஒன்றுதான்.

கணக்கு தப்பும் இடம் ஒன்று உண்டு. பல பவுச்சுகளில் சாம்பல் அளவு இருக்காது. இல்லையே என்று பூஜ்யம் போட்டால் மேலே சொன்ன முதல் பேட்டேகூட 13 சதவீதம் காட்டி, நல்ல உணவு கைநழுவிப் போகும். ஈர உணவுக்கு 2 முதல் 2.5 வரை போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: லேபிளில் இருப்பவை ‘குறைந்தபட்சம்’, ‘அதிகபட்சம்’ என்ற வரம்புகள்தான். உள்ளே உண்மையில் இருப்பது கொஞ்சம் வேறாக இருக்கும். விடை மைனஸில் வந்தால் பூஜ்யத்தை ஒட்டியது என்று கொள்ளலாம். 10-க்கும் 15-க்கும் நடுவில் வந்தால் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதி, சராசரிப் பகுப்பாய்வு எண்களைக் கேளுங்கள்.

எண் சரியாக வந்த பிறகும் லேபிளில் ஒரு வார்த்தை பார்க்க வேண்டும்: ‘கம்ப்ளீட்’. டியூனா மீன் துண்டுகளை வெறும் தண்ணீரில் போட்டு விற்கும் டின்களில் மாவுச்சத்து கிட்டத்தட்ட இருக்காது. ஆனால் பல ‘காம்ப்ளிமென்டரி’ வகை; டாரின் (பூனைக்கு அவசியமான அமினோ அமிலம்), வைட்டமின், தாது உப்புகள் முழுமையாக இருக்காது. எப்போதாவது தொட்டுக்கொள்ள வைக்கலாம், தினசரிச் சாப்பாடாக ஆகாது. வேகவைத்த கோழியும் அப்படித்தான்: அதில் கால்சியம் போதாது. நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். வெங்காயம், பூண்டு பட்ட குழம்பு பூனைக்கு நஞ்சு.

அளவு: 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 கிலோ கலோரி. மேலே சொன்ன பேட்டே 70 கிராம் பவுச்சில் 60 கிலோ கலோரி இருக்கும். ஆக நாளுக்கு மூன்று, மூன்றேகால் பவுச். பூனை பருமனாக இருந்தால் எடை மெதுவாகத்தான் இறங்க வேண்டும், வாரத்துக்கு உடல் எடையில் 1 சதவீதம்போல. பட்டினி போட்டு இளைக்க வைக்கவே கூடாது. சாப்பிடாமல் கிடக்கும் பருமனான பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.

மாற்றுவதற்கு 7 முதல் 10 நாள் எடுத்துக்கொள்ளுங்கள். கால் பங்கு புதியது, பிறகு பாதி, பிறகு முக்கால். உலர் தீனிக்குப் பழகிய பூனை கூழை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்து போகும். பவுச்சை வெந்நீரில் சில நிமிடம் வைத்து, கை பொறுக்கும் வெதுவெதுப்புக்குக் கொண்டுவாருங்கள்; வாசனை எழும்பினால் பாதிப் பூனைகள் வழிக்கு வரும். பிறகும் சாப்பிடாவிட்டால் பழைய தீனியில் நாலு மணியைப் பொடித்து மேலே தூவலாம். பூனை ஒரு வேளை சாப்பிடாவிட்டால், ஊசி போடும் முன் டாக்டரைக் கேளுங்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு போங்கள்.

மாற்றும் நாட்களில் நடை தள்ளாடுவது, திடீரென்று அகோரப் பசி, துவண்டு கிடப்பது, வலிப்பு ஆகியவை சர்க்கரை இறங்கியதன் அடையாளம். மீட்டரில் 60-க்குக் கீழே என்றால் அவசரம். தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலால் ஈறில் தடவிவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வலிப்பு வந்திருக்கும் பூனையின் வாய்க்குள் எதையும் ஊற்றக் கூடாது.

சிறுநீரகக் கோளாறும் சேர்ந்திருந்தால் மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். புரதம் கூடிய பவுச்சுகளில் பாஸ்பரஸும் கூடுதலாக இருக்கும். எதற்கு முதலிடம் என்று ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக, வீட்டில் இன்னொரு பூனை இருந்தால் எல்லாக் கணக்கும் அதன் தட்டில்தான் உடையும். சாதாரண உலர் தீனி 10 கிராமில் மூன்றரை கிராம் மாவுச்சத்து இருக்கும். நம் பேட்டே மூன்று பவுச்சில் இருப்பதற்குச் சமம். ஒரு மேசைக்கரண்டி மீன் சோற்றிலும் இரண்டு, மூன்று கிராம் இருக்கும்; 100 மி.லி. பாலில் அதைவிட அதிகம், 5 கிராம்வரை லாக்டோஸ் (பால் சர்க்கரை). ராத்திரி மற்றதன் கிண்ணத்தில் வாய் வைத்தது தெரியாமல், ‘சர்க்கரை இறங்கவே மாட்டேங்குதே’ என்று டோஸை ஏற்றுவதுதான் விபரீதம். சுலபமான வழி, இரண்டுக்கும் அதே ஈர உணவைப் போடுவது. நோயில்லாத வளர்ந்த பூனைக்கும் அது நல்ல சாப்பாடுதான். அப்படி முடியாவிட்டால் வேளைக்கு வேளை தனித்தனி அறையில் வைத்து, அரை மணி நேரத்தில் தட்டைக் கழுவி எடுத்துவிடுங்கள்.