‘அருமையான புத்தகம்’ என்று எழுதுவதற்கு முன்

எங்கள் பெரியம்மாவுக்குச் சர்க்கரை வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. போன வருஷம் ஒரு புத்தகம் வாங்கினார், சாப்பாட்டாலேயே சர்க்கரையை விரட்டிவிடலாம் என்று சொல்கிற புத்தகம். வாங்குவதற்கு முன் வாசகர்கள் எழுதியிருந்த கருத்துகளை என்னைத்தான் படித்துக் காட்டச் சொன்னார். ‘வாழ்க்கையே மாறிவிட்டது’, ‘மாத்திரைக்கு முழுக்குப் போட்டேன்’, ‘வீட்டுக்கு ஒன்று வாங்குங்கள்’ என்று வரிசையாக இருந்தன, படித்துக் காட்டினேன். ஐந்தாவது வாரம் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. எட்டாவது வாரம் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார், எடுத்துப் பார்த்தால் வெறும் வயிற்றிலேயே 310. இரண்டு நாள் ஆஸ்பத்திரி வாசம்.

வீட்டுக்கு வந்ததும் அதே கருத்துகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒருவர்கூட வயதைச் சொல்லவில்லை, எத்தனை வருஷச் சர்க்கரை என்று சொல்லவில்லை, மாத்திரையை டாக்டர் நிறுத்தினாரா தானாக நிறுத்தினாரா என்பதும் இல்லை. அவர்கள் பொய் எழுதினார்கள் என்று நான் நினைக்கவில்லை. படிக்கிறவருக்கு எது வேண்டுமோ அதை எழுதவில்லை, அவ்வளவுதான். உடம்பு, மனசு, பழக்கம் பற்றிய புத்தகங்களுக்கு நீங்கள் கருத்து எழுதுகிறவர் என்றால், எப்படி எழுதினால் நாலு பேருக்குப் பயன்படும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், படித்து முடித்த அன்றே எழுதாதீர்கள். அந்தச் சூட்டில் எந்தப் புத்தகமும் நல்ல புத்தகம்தான். 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று நிறையப் புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோயாளிக்குத் தன் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் போல ஆகிறது என்று 1960இல் எழுதியதிலிருந்து கிளம்பியது அது. போகப் போக ‘குறைந்தது’ உதிர்ந்துவிட்டது, 21 மட்டும் நின்றுவிட்டது. பிலிப்பா லாலி என்பவரும் அவர் குழுவும் லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. ஒரு பழக்கம் தன்னால் வருகிற அளவுக்குப் படிய நடுவாக 66 நாள், ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். ஆகவே, இரண்டு மாதமாவது செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். நான் புத்தகத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் தேதி போட்டு வருகிறேன்: தொடங்கிய நாள், விட்டுப்போன நாள், மறுபடி தொடங்கிய நாள். எழுத உட்காரும்போது அந்தப் பக்கமே பாதி வேலையைச் செய்துவிடும்.

என்ன எழுதுவது என்பதற்கு வள்ளுவர் ஒரு நல்ல அளவு கொடுத்திருக்கிறார். ‘உற்றான் அளவும் பிணியளவும் காலமும் கற்றான் கருதிச் செயல்’, மருந்து அதிகாரத்தில் வருகிற 949ஆவது குறள். மருத்துவருக்குச் சொன்னதுதான், ஆனால் கருத்து எழுதுகிறவருக்கும் இந்த மூன்றும் போதும். நோயுள்ளவர் யார், நோய் எவ்வளவு, எந்தக் காலம். ‘முட்டிவலி போய்விட்டது, சூப்பர்’ என்று எழுதினால் எனக்கு ஒன்றும் புரியாது. ‘வயது 44, நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை, ஆறு மாதமாக வலி, மூன்றாவது அத்தியாயத்துப் பயிற்சியை வாரத்தில் நாலு நாள், பத்து வாரம் செய்தேன், மாடிப்படி இறங்கும்போது வலி குறைந்தது, தரையில் உட்கார இன்னும் முடியவில்லை’ என்று எழுதிப் பாருங்கள். அதைப் படிக்கிறவர் தன்னோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்.

எண் சொன்னால் எந்தப் பரிசோதனையின் எண் என்றும் சொல்லுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை நேற்று இரவுச் சாப்பாட்டுக்கே ஏறி இறங்கும். எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும், அதனால் ‘ஒரே வாரத்தில் இறங்கியது’ என்பதற்கு அதைச் சாட்சியாக்க முடியாது. எடையும் அப்படித்தான், சோறு இட்லியைச் சட்டென்று குறைத்த முதல் வாரத்தில் இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். இன்னொன்று, இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்: வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் புத்தகம் தேடிப் போகிறோம். முதுகுவலி மாதிரி ஏறி இறங்குகிற வலி, ஒன்றுமே செய்யாவிட்டாலும் கொஞ்ச நாளில் தணியக்கூடும். தணிந்தது புத்தகத்தாலா, தன்னாலா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். கூடவே மாத்திரை, பிசியோதெரபி எதுவும் ஓடிக்கொண்டிருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

புத்தகம் வேறு, அதன் யோசனை வேறு. நல்ல யோசனை மோசமான மொழிபெயர்ப்பில் வரலாம், சரளமான தமிழில் தப்பான யோசனையும் வரலாம். இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பு நூல் என்றால், வெண்ணெய்ப் பழமும் ஓட்ஸும் மட்டும்தான் இருக்கிறதா, கேழ்வரகு, கொள்ளு, கீரைக்கு ஏதாவது வழி சொல்கிறதா என்பதையும் ஒரு வரியில் சொன்னால் நம் வீட்டுச் சமையலறைக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.

பாதியில் மூடிவிட்டீர்களா, அதையும் எழுதுங்கள், எந்தப் பக்கத்தில், ஏன் என்று. முடித்தவர்கள் மட்டுமே எழுதினால் படம் ஒருபக்கமாகிவிடும். மனசு சார்ந்த புத்தகங்களில் இது இன்னும் முக்கியம். ‘முயன்றால் முடியும், உங்கள் சோம்பல்தான் காரணம்’ என்கிற அத்தியாயம் மனச்சோர்வில் இருப்பவரை மேலும் அழுத்தும். உங்களுக்கு அப்படி ஆகியிருந்தால் சொல்லுங்கள், அப்படியே டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416ஐயும் போட்டுவிடுங்கள்.

ஆசிரியர் நண்பரா, புத்தகம் இலவசமாக வந்ததா? முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் மருந்து. சர்க்கரை உட்பட 54 நோய்களைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரப்படுத்தக் கூடாது என்று 1954ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. உங்கள் கருத்து விளம்பரம் இல்லைதான். ஆனால் நோயாளி ஒருவர் அதை நம்பி முடிவெடுக்கிறார், எங்கள் வீட்டில் எடுத்தார். மருந்தைக் குறைத்திருந்தால் டாக்டர் குறைத்தாரா என்பதைச் சொல்லாமல் அந்த வரியை எழுதவே எழுதாதீர்கள்.

போன மாதம் பெரியம்மாவும் அந்தப் புத்தகத்துக்குக் கருத்து எழுதினார், அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். ‘வயது 63. சர்க்கரை 12 வருஷமாக. இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு மாற்றினேன், சோற்றைப் பாதியாக்கினேன், இன்றும் செய்கிறேன். மாத்திரையை நானாக நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போனேன், யாரும் அப்படிச் செய்யாதீர்கள். காய்கறி அத்தியாயம் நன்றாக இருக்கிறது.’ இரண்டு நட்சத்திரம் போடட்டுமா என்று கேட்டேன். காய்கறிக்காக மூன்றாகப் போடு என்றார்.