கடுகளவு ரெசிஸ்டரை வீட்டிலேயே மாற்றலாம்: எஸ்எம்டி சால்டரிங் செய்முறை

கிணற்று மோட்டாரை போனிலிருந்தே ஓடவிடும் ஸ்டார்ட்டர் பழுதானால், பாலக்கோடு பக்கம் போர்டையே மாற்றச் சொல்லிவிடுகிறார்கள். உள்ளே போயிருப்பது பல நேரம் கடுகளவு எஸ்எம்டி ரெசிஸ்டர் ஒன்றுதான். துளையில் கால் நுழைக்காமல் போர்டின் மேலேயே ஒட்டும் பாகங்கள்தான் எஸ்எம்டி. சாதாரணக் கால் வைத்த பாகங்களுக்கு ஈயம் வைக்கத் தெரிந்தவர்கள் இதையும் தாராளமாகச் செய்யலாம்.

லைனைத் துண்டித்த பிறகும் பெரிய கபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். அது இறங்கிவிட்டதா என்று மீட்டரில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

சாமான்கள்: 0.5 மி.மீ. 63/37 ஈயக்கம்பி (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்), ஜெல் ஃப்ளக்ஸ் (ஈயம் பரவ உதவும் பசை), விக் (ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னல்), கூர்மையான ட்வீசர். செல்போன் சர்வீஸ் சாமான் கடைகளில் கேளுங்கள். ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூர் எஸ்.பி. ரோடு பக்கம்தான். சால்டரிங் அயர்னுக்கு ஊசி முனை டிப் வேண்டவே வேண்டாம். அது தொடும் பரப்பு குறைவு, சூடு இறங்காது. 2 மி.மீ. உளி முனை வாங்குங்கள். அயர்னும் வெப்பம் செட் செய்யும் வகையாக இருக்கட்டும். நம் ஊரில் சாயங்காலம் வோல்டேஜ் 190க்கு இறங்கினால் சாதா 25 வாட் அயர்ன் 17 வாட்டாகிவிடும்.

1. பழைய பாகத்தைக் கழற்றியதும் (கழற்றும் விதம் பின்சேர்க்கையில்), மிச்சமிருக்கும் ஈயத்தை விக்கால் உறிஞ்சி எடுத்துவிட்டு ஃப்ளக்ஸ் தடவுங்கள்.

2. ஒரே ஒரு பேடில் (பாகம் உட்காரும் செம்புத் திட்டு) மட்டும் கொஞ்சம் ஈயம் வையுங்கள். இரண்டிலும் வைத்தால் ரெசிஸ்டர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

3. அந்த ஈயத்தை உருக்கியபடியே, ட்வீசரில் பிடித்த ரெசிஸ்டரைப் பக்கவாட்டில் நகர்த்தி உள்ளே விடுங்கள். அயர்னை எடுத்த பிறகும், ஈயம் இறுகும்வரை ட்வீசர் அசையக் கூடாது.

4. அடுத்த பேடுக்கு ஈயம் வையுங்கள்.

நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இந்த நாலாவது படியில்தான், அதுவும் அந்த பேட் கிரவுண்டோடு (போர்டின் பொது மைனஸ் இணைப்பு) சேர்ந்திருந்தால். அகலமான செம்புப் பரப்பு சூட்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும். ஈயம் உருண்டையாகத் திரண்டு பாகத்தில் மட்டும் ஒட்டியிருக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், மோட்டார் அதிர்வில் விட்டுவிடும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். நல்ல ஜாயின்ட்டில் ஈயம் பாகத்தின் விளிம்பிலிருந்து பேடுக்குச் சரிவாக இறங்கியிருக்கும். உருண்டையாக இருந்தால் மேலே ஈயத்தைக் கூட்டாதீர்கள். திரும்ப ஃப்ளக்ஸ் போட்டு, 350 டிகிரியில், உளியின் தட்டைப் பக்கத்தை பேட் மேலேயே மூன்று நாலு விநாடி வையுங்கள். ஈயம் சட்டென்று பரவுவது கண்ணுக்கே தெரியும். இவ்வளவு சூடு கேட்பதால், கிரவுண்ட் பேடை எப்போதும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்; முதல் ஈயம் மற்ற பேடில் இருக்கட்டும்.

செராமிக் கபாசிட்டரின் உடம்பில் டிப்பை வைக்காதீர்கள், விரிசல் விடும்.

ஐசி (பல கால் வைத்த சிப்) என்றால் புள்ளி வைத்த ஒன்றாம் காலைப் பார்த்து, மூலைக்கு மூலை இரண்டு காலைப் பிடிக்கவைத்து, பிறகு மற்றவை. கால்கள் ஒட்டிக்கொண்டால் ஃப்ளக்ஸும் விக்கும் போதும்.

கடைசியில் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, மீட்டரில் பாருங்கள். ரெசிஸ்டர் மேல் 103 என்று எழுதியிருந்தால் 10 கிலோ ஓம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அது ஈயம்.

பின்சேர்க்கை: பழைய பாகம் கழலவே மாட்டேன் என்கிறது என்று ஊத்தங்கரையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். புது போர்டுகளில் பெரும்பாலும் ஈயமில்லாத சால்டர்தான். அது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். நம் 63/37 உருகுவது 183இல். இரண்டு முனையிலும் அதைத் தாராளமாக வைத்துக் கலக்கவிடுங்கள். அப்புறம் டிப்பை இரண்டு முனைக்கும் மாற்றி மாற்றிக் காட்டினால் பாகம் தானே நகர்ந்து வந்துவிடும். ட்வீசரால் நெம்பினால் பேட் பிய்ந்துவிடும்.