ராக்ஸெட்டின் அந்தப் பாட்டைக் கல்யாண ரிசப்ஷனில் போடாதீர்கள்

ஒரு ரிசப்ஷனில் மாப்பிள்ளையும் பெண்ணும் மேடை ஏறும் நேரம் பார்த்து, ஸ்வீடனின் ராக்ஸெட் குழு பாடிய 'இட் மஸ்ட் ஹாவ் பீன் லவ்' பாட்டைப் போட்டார்கள். மெட்டு உருக்கமானதுதான், தலைப்பிலும் 'லவ்' இருக்கிறது, ஆனால் அந்தச் சொல் முடிந்த கையோடு பாட்டு என்ன சொல்கிறது தெரியுமா? 'இப்போ அது முடிஞ்சு போச்சு'. வந்தவர்கள் யாரும் கவனிக்கவில்லை, நல்லவேளை.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் தலைப்பை நாம் தமிழாக்குகிற விதம். 'காதலாக இருக்க வேண்டும்' என்று எழுதிவிடுகிறோம். 'வேண்டும்' என்று வந்தாலே அது ஆசையா, கட்டளையா, ஊகமா என்று தெரியாது, படிக்கிறவர் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வார். 'காதலாத்தான் இருந்திருக்கும்' என்று சொல்லிப் பாருங்கள். சேர்ந்து இருந்த வரைக்கும் அதற்குப் பெயர் தெரியவில்லை, ஆள் போன பிறகு வெறும் வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் வேறு என்னவாக இருந்திருக்க முடியும் என்று படுகிறது. மொத்தப் பாட்டும் அந்த 'இருந்திருக்கும்'-இல்தான் இருக்கிறது.

அடுத்தது, இது 'ப்ரிட்டி வுமன்' என்ற ஹாலிவுட் படத்துக்காக எழுதிய பாட்டு என்று பலர் நினைப்பது. இல்லை. 1987-இல் ஸ்வீடனில் சிங்கிளாக வந்தபோது இது கிறிஸ்துமஸ் பாட்டு, 'உடைந்த மனசுக்காரர்களுக்கான கிறிஸ்துமஸ்' என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வால் வேறு. 1990-இல் படத்துக்குக் கேட்டபோது பழைய பதிவையே எடுத்து மெருகேற்றினார்கள். ஒரு வரியில் கிறிஸ்துமஸ் நாள் என்று இருந்தது குளிர்கால நாள் என்று ஆனது, அவ்வளவுதான் சொல் மாற்றம். அந்த ஜூன் மாதம் அமெரிக்காவின் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100-இல் முதலிடம், 2 வாரம். படத்தில்கூட அது நாயகி நாயகனைப் பிரிந்து காரில் போகிற இடத்தில்தான் ஒலிக்கும். படத்தின் முடிவு சுபம் என்பதால் பாட்டும் சுபம் என்று ஞாபகத்தில் பதிந்துவிட்டது போல.

மேரி ஃப்ரெட்ரிக்ஸன் பாடுகிறார் என்பதால் அவரே எழுதியது என்று நினைக்காதீர்கள், சொல்லும் மெட்டும் ராக்ஸெட்டின் இன்னொரு ஆளான பேர் கெஸ்லேயுடையவை. இருவரையும் 'ராக் ஜோடி' என்று எழுதினால் கணவன் மனைவி என்று நினைப்பார்கள், 'இரட்டையர்' என்றால் ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள் என்று நினைப்பார்கள், இரண்டுமே கிடையாது. 'இருவர் குழு' என்று எழுதிவிட்டுப் போங்கள், அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அப்புறம் கரோக்கியில் இதைப் பாடுகிறவர்களுக்கு. முதல் வரியிலிருந்தே கத்தாதீர்கள். அந்த வரி கேட்பதே தலையணையில் ஒரு கிசுகிசுப்பைத்தான். மேரி அங்கே குரலை அடக்கி, பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி பாடியிருப்பார், பல்லவியில்தான் மூச்சைத் திறப்பார். நம் ஆட்கள் முதல் வரியிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, பல்லவி வரும்போது மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுகிறார்கள்.