ஏ கோர்ட் ஆஃப் தோர்ன்ஸ் அண்ட் ரோசஸ்: மொத தடவ படிக்கிறவங்க எப்படி ரசிச்சு படிக்கலாம்

ரீல்ஸ்ல பாத்துட்டு சாரா ஜே மாஸோட இந்த புக்க வாங்கி, அம்பது பக்கம் தாண்டுறதுக்குள்ள மூடி வச்சிட்டு "இதுக்கா இவ்ளோ பில்டப்பு"ன்னு கேக்குறவங்க நெறைய பேர் இருக்காங்க. 2015-ல வந்த புக்கு, இன்னைக்கு ரொமான்டஸின்னு (ரொமான்ஸும் ஃபேன்டஸியும் கலந்த வகை) கடைல தனி ஷெல்ஃப் இருக்குன்னா அதுக்கு இதுவும் ஒரு பெரிய காரணம், அதனால இத வச்சே சொல்றேன், பெரிய முடிச்ச மட்டும் அவுக்க மாட்டேன்.

மொதல்ல, கடைசில சேருவாங்களா மாட்டாங்களான்னு டென்ஷன் ஆகாதீங்க. ரொமான்ஸ் வகைன்னாலே காதல்தான் நடுநாயகம், முடிவு மனசு நெறையுற மாதிரி இருக்கணும், அது அந்த வகையோட அடிப்படை டீலு. (யாரோட சேருறதுங்கறதுல மட்டும் இந்தம்மா நல்லா ஆட்டம் காட்டுவாங்க, அதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க.) எப்படி சேருறாங்க, என்ன விலை குடுத்து சேருறாங்கங்கறதுலதான் மொத்த சுவாரசியமும் இருக்கு.

அப்புறம் அந்த மேப்பு. அத மனப்பாடம் பண்ண உக்காந்தீங்கன்னா அங்கயே தூக்கம் வந்துரும். ஒரு சுவர், தெக்க மனுஷங்க, வடக்க ப்ரித்தியன்னு ஃபேக்களோட (மந்திர சக்தி உள்ள தேவதை இனம்) நாடு, அதுல ஏழு கோர்ட்டு (குட்டி ராஜ்ஜியம் மாதிரி), நாலு பருவத்துக்கு நாலு, விடியல், பகல், இரவுன்னு மூணு, இவ்ளோ தெரிஞ்சா போதும். பேரெல்லாம் உங்க வாய்க்கு வர்ற மாதிரி படிச்சுக்கோங்க, யாரும் பரீட்ச வைக்கப் போறதில்ல.

இப்ப மெயின் மேட்டர். இந்த மாதிரி கதைல மந்திரம்னா வாண வேடிக்க இல்லங்க, மந்திரம்னா நிபந்தன. யாரு எத சொல்லலாம், எத சொல்லக் கூடாது, எதுக்குப் பதிலா எத குடுக்கணும், இந்தக் கட்டுக்குள்ள மாட்டிக்கிட்டுதான் ரெண்டு பேரும் காதலிக்கவே வேண்டியிருக்கு. அதனால சண்ட சீன வேகமா ஓட்டுனாலும் பரவால்ல, பேச்சு வார்த்த வர்ற எடத்த மட்டும் ஓட்டாதீங்க. ஆரம்பத்துலயே பசிக்காக வேட்டைக்குப் போற கதாநாயகி ஃபெய்ரா ஒரு ஓநாயக் கொல்லுவா, அதுக்குப் பதிலா அவ உசுரையே கேட்டு ஒரு மிருகம் வாசல்ல வந்து நிக்கும். அந்த ஓநாய், அவ கைல இருந்த அம்பு, அவ மனசுல இருந்த வெறுப்பு, மூணையும் ஞாபகத்துல வச்சுக்கோங்க, புக்க முடிச்சதும் அந்த மொத அத்தியாயத்த இன்னொரு தடவ படிங்க, சும்மா ஜிவ்வுன்னு இருக்கும்.

ஃபேக்களால பொய் சொல்ல முடியாது, இரும்பு பட்டா ஆகாதுன்னு சொல்லித்தான் ஃபெய்ராவ வளத்திருக்காங்க, ப்ரித்தியனுக்குப் போய்ப் பாத்தா ரெண்டுமே டுபாக்கூர். அப்ப ஹீரோ டாம்லினும் அவனோட நண்பன் லூசியனும் பேசுறப்ப எந்த எடத்துல முழுங்குறாங்க, எப்ப பேச்ச மாத்துறாங்கன்னு கவனிச்சுப் படிக்கணும். பின்னாடி ஒரு டீல் வரும், எத்தன நாள், எதுக்குப் பதிலான்னு ஒவ்வொரு வார்த்தையா படிங்க. ஒரு விடுகதையும் வரும், பக்கத்த திருப்பாம நீங்களே யோசிங்க, நெறைய பேர் அங்கயே கண்டுபிடிச்சிருவாங்க, கண்டுபிடிச்சிட்டு மிச்ச புக்கு முழுக்க ஃபெய்ராவ திட்டிக்கிட்டே படிக்கிறது ஒரு தனி சந்தோஷம்.

இந்த விதி வெளையாட்டு உங்களுக்குப் புடிச்சுதுன்னா ஹாலி பிளாக்கோட தி க்ரூயல் பிரின்ஸ் (2018) எடுங்க, அங்க ஃபேக்களால நெஜமாவே பொய் சொல்ல முடியாது, மனுஷப் பொண்ணு ஜூடால முடியும், அவளோட பெரிய ஆயுதமே அதான்.

நேரம் இருந்தா புக்க தொடங்குறதுக்கு முன்னாடி டாம் லின்னு ஒரு ஸ்காட்லாந்து கதைப்பாட்டு இருக்கு, பத்து நிமிஷத்துல படிச்சிரலாம். கார்டர்ஹாக்னு செல்கர்க் பக்கத்துல நெஜமாவே இருக்குற எடம், அங்க ஜேனட்னு ஒரு பொண்ணு போய் ரோஜா பறிக்கிறா, தேவதைகளோட ராணி புடிச்சு வச்சிருக்குற டாம் லின் வந்து நிக்கிறான். ஏழு வருஷத்துக்கு ஒரு தடவ அவங்க நரகத்துக்கு காணிக்க கட்டணும், இந்தத் தடவ தன்னையே குடுத்துருவாங்களோன்னு அவனுக்கு பயம். ஹாலோவீன் ராத்திரி குதிரைலேந்து அவன இழுத்துப் புடிச்சுக்கணும், அவன் பாம்பா, கரடியா, காய்ச்சுன இரும்பா மாறிக்கிட்டே இருப்பான், என்ன ஆனாலும் விடக்கூடாது. அவ விட மாட்டா. சாரா ஜே மாஸ் தன்னோட ஹீரோவுக்கு ஏன் டாம்லின்னு பேரு வச்சாங்கன்னும், கடைசிப் பகுதில பொண்ணுதான் ஏன் போய்ப் போராடுறான்னும் இதப் படிச்சா தானா வெளங்கும். மிருகத்தோட மாளிகைல போய் தங்குற பொண்ணோட கதை, அதான் ப்யூட்டி அண்ட் தி பீஸ்ட், இந்த புக்குக்கு இன்னொரு வேர், 1740-ல பிரெஞ்சுல வில்நவ் எழுதுனது, அப்புறம் 1756-ல போமான் சுருக்கி எழுதுனதுதான் எல்லாருக்கும் தெரிஞ்ச வடிவம்.

வேகம்னு பாத்தா மொத பாதி மெதுவாத்தான் போகும், தோட்டம், பெயின்டிங், சாப்பாட்டு மேச, மொறைப்பு. அத ராத்திரிக்கு ரெண்டு அத்தியாயம்னு படிங்க. கடைசி மூணுல ஒரு பங்க லீவு நாளுக்கு வச்சுக்கோங்க, நடுவுல நிறுத்த மனசு வராது.

ஒரு விஷயம், இது மொதல்ல டீனேஜ் பசங்க புக்குன்னு சொல்லி வித்தது, பின்னாடிதான் பெரியவங்க பிரிவுக்கு மாத்துனாங்க. படுக்கையற சீன் வெளிப்படையாவே இருக்கும், அடுத்தடுத்த பாகத்துல கூடும். ஸ்கூல் படிக்கிற தங்கச்சிக்கு பர்த்டே கிஃப்டா குடுத்துறாதீங்க, ஆடியோபுக்கா இருந்தா ஹெட்போன் கண்டிப்பா மாட்டிக்கோங்க.

மொத பாகம் சுமாருன்னு தோணுனாலும் ரெண்டாவதயும் (மிஸ்ட் அண்ட் ஃப்யூரி, 2016) படிச்சிட்டு முடிவு பண்ணுங்க, மொத பாகத்துல அப்பாவியா கடந்து போன பல சீனுக்கு அங்கதான் கணக்கு தீக்குறாங்க. மூணாவது 2017, நாலாவது 2018-ல வந்த சின்ன புக்கு, பெருசா எதுவும் நடக்காது, அஞ்சாவது சில்வர் ஃபிளேம்ஸ் (2021) ஃபெய்ராவோட அக்கா நெஸ்டா கதை. நெஸ்டாவ மொத பாகத்துல உங்களுக்கு சுத்தமா புடிக்காது, சீரிஸ்ல எனக்கு ரொம்பப் புடிச்சவளே அவதான்.