தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டாலில் உயிர்வேதியியல் படிக்க: கணக்கில்தான் கோட்டை விடுகிறார்கள்

உயிரியலில் நல்ல மார்க் வாங்கியதால் உயிர்வேதியியலும் கைகூடும் என்று நம்பிச் சேருகிறவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். இதில் பாதிக்கு மேல் வேதியியல். லேப்பில் நுழைந்தால் எடுத்ததற்கெல்லாம் கணக்கு.

பள்ளியில் அன்றாடக் கணக்கு மட்டும் சொல்லித்தரும் மேத்தமேட்டிக்கல் லிட்டரசியை வைத்துக்கொண்டு பி.எஸ்ஸி.க்குப் போக முடியாது. மேத்தமேட்டிக்ஸ் வேண்டும், ஃபிசிக்கல் சயின்ஸும் எடுத்திருந்தால் நல்லது, ஆகவே கிரேட் 10 பாடத்தேர்வின்போதே வீட்டில் பேசி முடிவெடுங்கள். விண்ணப்பம் சி.ஏ.ஓ. எனும் மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாகப் போகும். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் வளாகங்களில் பாடம் உண்டு; டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து தினமும் டாக்ஸியில் போய்வர நினைப்பவர்கள் வளாகத்தைச் சரிபார்த்துப் போடுங்கள்.

முதல் ஆண்டு பெரும்பாலும் வேதியியல், உயிரியல், கணிதம், இயற்பியல் என்றே போகும். இயற்பியலைக் கடனுக்குப் படிக்காதீர்கள். டர்பனில் வளர்ந்து 1982-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஆரன் க்ளுக், கேப்டவுனில் எம்.எஸ்ஸி. படித்தது இயற்பியலில்தான்.

அடுத்த ஆண்டு, புரதங்களைக் கட்டும் 20 அமினோ அமிலங்கள் வந்து நிற்கும். அகரவரிசையில் உருப்போட்டால் ஒரு வாரம்கூடத் தங்காது. ஒன்றுக்கொன்று வேறுபடும் பக்கச் சங்கிலியைப் பார்த்துக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பி.எச். (அமில-கார அளவு) 7-இல் ஆஸ்பார்ட்டேட்டும் குளூட்டமேட்டும் எதிர்மின்னேற்றம், லைசினும் ஆர்ஜினினும் நேர்மின்னேற்றம். ஹிஸ்டிடினின் பி.கே.ஏ. (பாதி மூலக்கூறுகள் புரோட்டானை இழந்திருக்கும் பி.எச்.) ஏறத்தாழ 6 என்பதால் அது இரண்டு பக்கமும் சாயும். நொதிகளின் வினைமையத்தில் அதை அடிக்கடி பார்ப்பதும் அதனால்தான். வெற்றுத்தாளில் அமைப்பை வரைந்து பார்ப்பதுதான் சோதனை. படித்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும்.

இனி பஃபர், அதாவது பி.எச். எளிதில் மாறாத கரைசல். 50 மில்லிமோலார் (லிட்டருக்கு 0.05 மோல்) டிரிஸ் பஃபர், பி.எச். 8.0, ஒரு லிட்டர் வேண்டும். டிரிஸின் மூலக்கூறு எடை 121.14; அதை 0.05-ஆல் பெருக்கினால் 6.06 கிராம். 800 மி.லி. நீரில் கரைத்து, கலக்கிக்கொண்டே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு 8.0-க்குக் கொண்டுவாருங்கள். அதன் பிறகுதான் ஒரு லிட்டராக்க வேண்டும். முதலிலேயே ஒரு லிட்டர் ஊற்றிவிட்டால் அமிலம் சேரும்போது அளவு மீறி, செறிவு குறைந்துவிடும். அமிலம் அதிகமாகிவிட்டதென்று சோடியம் ஹைட்ராக்சைடை ஊற்றிச் சரிக்கட்டாதீர்கள், பி.எச். திரும்பும், உப்பு கூடிவிடும். கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதே மேல்.

பலர் ஏமாறும் இடம் வெப்பநிலை. ஒரு டிகிரி குறைந்தால் டிரிஸின் பி.எச். சுமார் 0.03 ஏறும். 25 டிகிரியில் 8.0 வைத்த பஃபர், 4 டிகிரி குளிர் அறையில் 8.6-ஐத் தொடும். எந்த வெப்பநிலையில் சோதனை நடக்குமோ அதிலேயே பி.எச். வையுங்கள்.

சிறு அளவுத் திரவத்தை எடுக்கும் மைக்ரோபிப்பெட்டில், அழுத்தும் பொத்தானுக்கு இரண்டு நிறுத்தங்கள் உண்டு. முதல் நிறுத்தம்வரை அழுத்தி உறிஞ்ச வேண்டும், வெளியேற்றும்போது மட்டும் இரண்டாவது. இரண்டாவதிலிருந்து உறிஞ்சினால் அளவு கூடி, அடுத்தடுத்த நீர்த்தலில் பிழையும் பெருகிக்கொண்டே போகும். நொதிகள் கிளிசரால் கலந்து கொழகொழவென்று வரும். மெதுவாக உறிஞ்சி, ஒரு நொடி பொறுத்து நுனியை எடுங்கள். பத்து மடங்கு நீர்த்தல் என்றால் 1 மி.லி.யுடன் 9 மி.லி. நீர், 10 அல்ல. இந்தக் கணக்கெல்லாம் முந்தின இரவே நோட்டில் இருக்கட்டும். லேப்பில் உட்கார்ந்து கால்குலேட்டரைத் தட்டினால் பிற்பகல் போய்விடும்.

பிராக்டிகலைத் தவறவிட்டால் டி.பி. எனும் தேர்வெழுதும் தகுதி கிடைக்காமல் போகலாம், டி.பி. இல்லாவிட்டால் தேர்வு எழுத விடமாட்டார்கள். காய்ச்சல் என்றால் டாக்டர் சான்றிதழை உடனே கொடுத்துவிடுங்கள். தீபாவளி பெரும்பாலும் ஆண்டிறுதித் தேர்வை ஒட்டித்தான் வரும், அரசு விடுமுறையும் கிடையாது. முறுக்கு சுடும் வாரத்துக்கு முன்பே, உணவிலிருந்து செல் ஆற்றல் எடுக்கும் பாதைகளான கிளைக்காலிசிஸும் கிரெப்ஸ் சுழற்சியும் வரைந்து முடித்திருக்க வேண்டும்.