ஊர்க் கண்மாயை மக்கள் அறியும் நடைப்பயணத்தை நடத்துவது எப்படி?

நீர் வற்றியிருக்கும் ஆடி மாதத்தில் ஒரு காலைப் பொழுதைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் நீருக்குள் மறைந்திருக்கும் குமிழித் தூம்பின் (கண்மாய்க்குள்ளிருந்து நீரை வெளியே விடும் பழைய மதகின்) கல்தூண்களையும், சிலவற்றில் பொறிக்கப்பட்டிருக்கும் கல்வெட்டையும் அருகில் நின்று காண முடியும். கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலில் தொடங்கி, கரை வழியே மடைக்கும் மிகை நீர் வழியும் கலுங்குக்கும் செல்லுங்கள். வழிகாட்டியாக வெளியூர் அறிஞரை அல்ல, மடை திறந்து வயல்களுக்கு முறைவைத்து நீர் பங்கிட்ட மூத்த நீர்பாய்ச்சியையே அழையுங்கள். கண்மாயின் நினைவு அவரிடம்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அவர் சொல்லும் வயல், மேடு, ஓடைப் பெயர்களை மாணவர்கள் வரைபடத்தில் குறிக்கட்டும். முதலாம் பராந்தக சோழனின் கி.பி. 921ஆம் ஆண்டு உத்தரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியத்தை, அதாவது ஏரியைக் கவனித்துக்கொண்ட ஊர்ச்சபைக் குழுவைக் குறிப்பிடுவதைக் கரையிலேயே எடுத்துரைக்கலாம். கல்வெட்டின் மீது சுண்ணாம்போ மாவோ பூச விடாதீர்கள்; சாய்ந்து விழும் வெளிச்சத்தில் படமெடுத்தாலே எழுத்துகள் தெளிவாகத் தெரியும்.