தக்காளிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல்: எங்கெங்கே தவறுகிறோம்?

"வேப்பங்கொட்டைக் கரைசல் அடிச்சுப் பார்த்துட்டேன், ஒரு புழுகூடச் சாகல." பாலக்கோடு, ராயக்கோட்டையானாலும் சரி, ஒட்டன்சத்திரமானாலும் சரி, தக்காளி போடுகிறவர்களிடம் இந்தப் பேச்சைக் கேட்கலாம். இப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் தோட்டத்தில் கரைசல் நிஜமாகவே வேலை செய்திருக்காது. ஏன் செய்யவில்லை என்று துருவினால், கொட்டை பொறுக்கிய நாளிலிருந்து தெளித்த நேரம் வரை எங்கோ ஓரிடத்தில் பிசகு இருக்கும்.

முதலில் எதிர்பார்ப்பையே திருத்திக்கொள்ள வேண்டும். வேப்பம்பருப்பில் உள்ள அசாடிராக்டின், புழுவைத் தொட்டவுடன் கொல்லும் நஞ்சு இல்லை. அது பட்ட இலையைப் புழு தின்ன மறுக்கும். தின்றாலும் சரியாகத் தோலுரித்து வளர முடியாமல் சில நாட்களில் ஓய்ந்துபோகும். அதனால் மறுநாள் காலையில் செத்த புழுவைத் தேடுவதில் பயனில்லை. நான்கைந்து நாள் கழித்து, புதிதாக வந்த இலையிலும் பிஞ்சிலும் கடி குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இதே காரணத்தால், வளர்ந்த புழுவிடம் இந்தக் கரைசல் எடுபடாது. காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி, பூங்கொத்தை ஒட்டிய இளம் இலைகளில் முட்டைகளை ஒவ்வொன்றாக வைக்கும். வெள்ளையும் மஞ்சளும் கலந்த, கடுகைவிடச் சிறிய புள்ளி. அதிலிருந்து வரும் குஞ்சுப் புழு கொஞ்ச காலம் இலையைச் சுரண்டித் தின்னும். அந்தச் சில நாட்கள்தான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. பிறகு அது தலையைக் காய்க்குள் நுழைத்து, பின்பாதியை வெளியே நீட்டிக்கொண்டு தின்ன ஆரம்பித்துவிட்டால், எந்தக் கஷாயம் அடித்தும் அந்தக் காயைக் காப்பாற்ற முடியாது. ஓட்டை விழுந்த காயைப் பார்த்த பிறகு கொட்டையை ஊற வைப்பவர்கள்தான் அதிகம். பெண் அந்துப்பூச்சியின் வாசனையைக் காட்டி ஆணை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியை ஏக்கருக்கு 5 வைத்தால், அந்துப்பூச்சி விழத் தொடங்கியதுமே தெளிக்கலாம். 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை துலுக்கச் சாமந்தி நட்டால், முட்டையில் பெரும்பங்கு அதில் போய் விழும். சாமந்தி நாற்று தக்காளி நாற்றைவிட இரண்டு மூன்று வாரம் மூத்ததாக இருந்தால்தான் இரண்டும் ஒரே நேரத்தில் பூக்கும்.

அடுத்தது கொட்டை. நம் ஊரில் வேப்பம்பழம் ஆனி, ஆடியில் உதிரும். அப்போது பொறுக்கிச் சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, காற்றோட்டமான சாக்கில் வைத்த கொட்டை ஏறக்குறைய 8 மாதம் வரைதான் வீரியத்தோடு இருக்கும். அதாவது பங்குனிக்கு முன் தீர்த்துவிட வேண்டும். வெயிலில் காயப்போட்டது, பிளாஸ்டிக் பையில் கட்டிப் பூஞ்சணம் பிடித்தது, போன வருஷத்துக்கு முந்தைய வருஷத்து மிச்சம் எல்லாம் கசக்கத்தான் செய்யும். கசப்பை வைத்து வீரியத்தை எடைபோடாதீர்கள்.

அளவிலும் ஏமாந்துவிடுகிறோம். 5 சதக் கரைசல் என்றால் 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு. ஓட்டோடு நிறுத்த கொட்டையின் எடை இல்லை. நன்றாக வளர்ந்த தக்காளிக்கு ஏக்கருக்கு 200 லிட்டராவது வேண்டும், ஆக 10 கிலோ பருப்பு. இரண்டு கைப்பிடியை வாளியில் ஊறவைத்து ஒரு ஏக்கருக்கும் அடித்துவிட்டு வேம்பைக் குறை சொல்வது நியாயமில்லை. பருப்பை இடித்து, துணியில் தளர்வாகக் கட்டி, 10 லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் பால்போல் வெள்ளையாக வரும் வரை பிழிந்து, பழைய வேட்டியில் இரண்டு மடிப்பாக வடிகட்டி, 100 லிட்டராக்க வேண்டும். வடிகட்டுவதில் சோம்பினால் நாசில் அடைக்கும். கொதிக்க வைக்கவே கூடாது, சூடு பட்டால் அசாடிராக்டின் சிதையும். கஷாயம் என்ற பெயரைக் கேட்டதும் அடுப்பை மூட்டிவிடுகிறார்கள். அன்று தயாரித்ததை அன்றே தெளியுங்கள்.

தண்ணீரைப் பலர் கவனிப்பதில்லை. காரத்தன்மை மிகுந்த போர் தண்ணீரில் மருந்து சீக்கிரம் வீணாகும். மழைநீரோ நல்ல கிணற்று நீரோ இருந்தால் அதையே எடுங்கள். சுண்ணாம்பு, போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சண மருந்து) எதையும் இதோடு சேர்க்க வேண்டாம். இலையில் ஒட்ட 100 லிட்டருக்கு 200 கிராம் காதி சோப் போதும். "நுரை வரட்டும்" என்று துணி சோப்புத்தூளை அள்ளிப் போட்டால் இலை ஓரம் கருகும். வேப்பெண்ணெய் என்றால் இன்னும் கவனம் தேவை. சோப்போடு நன்றாகக் கலக்காவிட்டால் எண்ணெய் மேலே மிதந்து, கடைசி டேங்கில் மொத்தமாக வந்து செடியைப் பொசுக்கும். கந்தகம் தெளித்து இரண்டு வாரம் ஆகாத செடியில் எண்ணெய் அடிக்காதீர்கள். எதுவானாலும் முதலில் நாலு செடியில் அடித்து இரண்டு நாள் பார்ப்பது நல்லது.

வெயிலும் இதன் எதிரிதான். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அடியுங்கள். சாறு உறிஞ்சும் வெள்ளை ஈ இலையின் அடிப்பக்கம் இருக்கும், அதனால் நாசிலைக் கீழிருந்து மேலாகப் பிடிக்க வேண்டும். பிறகு 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை. நடுவில் மழை கழுவிவிட்டால் மறுபடியும்.

இலை சுருண்டு, செடி குட்டையாகிப் போன பிறகு கரைசல் அடிப்பதும் வீண். அது வெள்ளை ஈ பரப்பிய வைரஸ். அந்தச் செடியைப் பிடுங்கிப் புதைத்துவிட்டு மற்றதைக் காப்பாற்றுங்கள். உண்மையான தடுப்பு நாற்றங்காலில் கட்டும் நைலான் வலைதான்.

இதில் எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. "செடியிலிருந்து வந்ததுதானே" என்று புகையிலை, ஊமத்தை, அரளி எல்லாவற்றையும் போட்டுக் கலக்குகிறார்கள். புகையிலையின் நிகோடின் மனிதனுக்கும் கொடிய நஞ்சு, தோல் வழியாகவே உடம்பில் ஏறும். அரளி இதயத்தைப் பாதிக்கும். போதாததற்குப் புகையிலையும் தக்காளியும் ஒரே குடும்பம். புகையிலைத் தேமல் வைரஸ் காய்ந்த இலையிலும் உயிரோடிருக்கும், அதை நாமே செடிக்குச் செடி தெளித்துவிடும் ஆபத்து உண்டு. தக்காளியைப் பறித்ததும் துடைத்துவிட்டுக் கடிக்கும் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த மூன்றும் வேண்டவே வேண்டாம். வேம்பு அடிப்பதானாலும், பழுத்ததைப் பறித்து முடித்த அன்று சாயங்காலம் அடியுங்கள். அடுத்த பறிப்புக்கு நாலு நாள் இடைவெளி கிடைக்கும்.